வெட்டுப்படுவதற்காக எழுதிய வரி

குலுக்கலில் தன் பெயர் முதலாவதாக வந்தபோது ஜவுளிக்காரர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறவில்லை. சந்தோஷத்தை முகத்தில் காட்டுகிறவனுக்குச் சரக்கின் விலை ஏறும் என்பது அவர் வளர்ந்த கடைத்தெருவில் பிள்ளைகளுக்குப் பல் முளைக்கும் முன்பே தெரிந்துவிடும். பக்கத்து இருக்கையிலிருந்த டாக்டரம்மாதான் அவர் கையைக் கவனித்தார். மேஜைக்கு அடியில் அது ஒரு கைக்குட்டையை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தது.

நாடாளுமன்றத்தில் வாரம் முழுவதும் அரசாங்கத்துக்குத்தான். மற்ற உறுப்பினர்களுக்கென்று வெள்ளிக்கிழமைப் பிற்பகலை ஒதுக்கியிருக்கிறார்கள், கல்யாண வீட்டில் தூரத்துச் சொந்தத்துக்கு மொட்டைமாடி அறையைக் காட்டுவதுபோல. அந்தப் பிற்பகலிலும் குலுக்கலில் பெயர் வந்தவர்தான் சொந்தமாக ஒரு தீர்மானம் கொண்டுவரலாம். ஒரு தீர்மானம், ஒரு விவாதம், கடைசியில் வாக்கெடுப்பு. பலரும் சாலை, பள்ளிக்கூடம், பறவைகள் சரணாலயம் என்று எதையாவது கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். ஜவுளிக்காரர் எந்தக் கட்சியையும் சேராதவர். கடைத்தெரு ஓட்டில் ஜெயித்து வந்தவர். அவருக்குக் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

போன வருஷம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத் துறையின் பயணிகள் படகு ஒன்று மூழ்கியது. அதன் எஞ்சின் டிரைவர் ஜவுளிக்காரருடைய அக்காவின் கணவர். அவரும் மேலே வரவில்லை. துறைமுகத் துறை அவசரமாக ஓர் அறிக்கை விட்டது: எஞ்சினை இயக்கியவரின் கவனக்குறைவு. செத்தவன் எழுந்து வந்து மறுத்துப் பேசப்போவதில்லை என்ற தைரியத்தில் எழுதிய அறிக்கை. படகின் அடியில் சேரும் தண்ணீரை இறைக்கும் பம்பு பழுதாகிக் கிடக்கிறது என்று அத்தான் மாதக்கணக்கில் புலம்பியது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். துறை அலுவலகத்திலும் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். வீட்டில் புலம்பியதற்குச் சாட்சி மனைவி. அலுவலகத்தில் சொன்னதற்குச் சாட்சி அதே அலுவலகம். இரண்டில் எதையும் யாரும் கேட்கத் தயாராக இல்லை.

படகுத்துறையில் இறந்தவர்களுக்காக ஒரு கல் நட்டு, எல்லோர் பெயரையும் செதுக்கினார்கள். அத்தான் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். அக்கா குடியிருந்த தெருவில் அந்தப் படகில் மகளைப் பறிகொடுத்த ஒருத்தி இருந்தாள். அக்கா வருவதைப் பார்த்தால் எதிர்வரிசைக்குப் போய்விடுவாள். அக்காவின் மகள் மருந்துக்கடையில் வேலை செய்தாள். இனிமேல் முன்பக்கம் நிற்க வேண்டாம், உள்ளே பெட்டி அடுக்கினால் போதும் என்று முதலாளி சொல்லிவிட்டார். தப்பாக ஒன்றும் சொல்லவில்லை, கனிவாகத்தான் சொன்னார். அந்தக் கனிவுதான் பெண்ணுக்குத் தாங்கவில்லை.

நாடாளுமன்றக் குழு ஒன்று விசாரித்தால், அதிகாரிகள் வந்து உட்கார்ந்து சத்தியம் செய்து பதில் சொல்லியாக வேண்டும். பிழைத்து வந்த மாலுமிகள் இரண்டு பேர் கூப்பிட்டால் பேசுவதாகச் சொல்லியிருந்தார்கள். கூப்பிடத்தான் ஆளில்லை.

தீர்மானத்தை அவர் அக்கா வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து எழுதினார். முதல் வரிக்கு நேரமாகவில்லை: படகு மூழ்கியது குறித்து விசாரிக்க இந்த அவை ஒரு குழுவை அமைக்கிறது. பேனாவை மூடப்போனவர் மூடவில்லை. கொஞ்ச நேரம் அடுப்பைப் பார்த்துவிட்டு இரண்டாவது வரியையும் எழுதினார்: அக்குழு அறிக்கை தரும்வரை துறைமுக அமைச்சர் பதவி விலகி நிற்க வேண்டும் என்றும் கோருகிறது.

அக்கா தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள்.

“அமைச்சர் எதுக்குடா நடுவுல?”

“சும்மா இருக்கட்டும்.”

“அவரு போனா எனக்கென்ன, இருந்தா எனக்கென்ன? எனக்கு விசாரணைதான் வேணும்.”

“விசாரணைன்னு மட்டும் கேட்டா அதுல பாதிதான் குடுப்பாங்கக்கா. துறையிலயே ஒரு ஆளை வச்சு விசாரிக்கிறோம்னு சொல்லி முடிச்சிடுவாங்க. மேல ஒண்ணு போட்டு வச்சா, அதை வெட்டிட்டு மிச்சத்தைக் குடுப்பாங்க. வெட்டின திருப்தி அவங்களுக்கு, சரக்கு நமக்கு.”

அக்காவும் அந்தக் கடையில் பிறந்தவள்தான். கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவோடு கல்லாவில் உட்கார்ந்தவள். ஒரு துணிக்கு அப்பா சொல்லும் விலையும், கேட்கிறவர் சொல்லும் விலையும், இரண்டும் எங்கே வந்து கைகுலுக்கும் என்பதும் அவளுக்கு மனப்பாடம். அதனால் மறுத்துப் பேசவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, தம்பி எழுதியதை இன்னொரு தடவை படித்தாள். முதல் வரியில் கொஞ்சம் அதிக நேரம் நின்றாள்.

அவைச் செயலாளர் ஓர் அம்மையார். விதிகள் எல்லாம் அவர் மேற்பார்வையில்தான் நடக்கும். சபாநாயகரே தலையைத் திருப்பி அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் தீர்ப்புச் சொல்வார். ஜவுளிக்காரர் கொண்டுபோன தீர்மானத்தை ஏற்றுக்கொண்டு, அவரை உட்காரவைத்துச் சில விஷயங்களைச் சொன்னார். இனி இதில் அவர் கைவைக்க முடியாது. தன் தீர்மானத்தைத் தானே திருத்த விதியில்லை. வாபஸ் வாங்கிப் புதிதாக எழுதலாம், ஆனால் குலுக்கலில் கிடைத்த இடம் போய்விடும். திருத்தம் வேறொரு உறுப்பினரிடமிருந்துதான் வர வேண்டும், அதுவும் வியாழன் நண்பகலுக்குள். தீர்மானத்தையே தலைகீழாக்கும் திருத்தத்தை அவை ஏற்காது. அப்படி நினைப்பவர்கள் பேசாமல் எதிர்த்து வாக்களித்துவிட்டுப் போகலாம். ஒரு பகுதியை வெட்டுகிற திருத்தம் செல்லும். முதலில் திருத்தத்தின் மேல் வாக்கெடுப்பு, பிறகு தீர்மானம் எந்த உருவத்தில் நிற்கிறதோ அந்த உருவத்தின் மேல் வாக்கெடுப்பு. அதில் தோற்றால் இதே விஷயத்தை இந்தக் கூட்டத்தொடரில் யாரும் மறுபடி கொண்டுவர முடியாது. கூட்டத்தொடர் வருஷக் கடைசிவரை.

ஜவுளிக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். ஒரு பகுதியை வெட்டுகிற திருத்தம் செல்லும் என்பது மட்டும்தான் அவர் காதில் இறங்கியது. மற்றதெல்லாம் ரசீதின் பின்பக்கம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும் சமாசாரம். அதை வாடிக்கையாளர் படிப்பதில்லை என்று அவருக்கு நாற்பது வருஷ அனுபவம். இந்தத் தடவை தான் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதை அவர் யோசிக்கவில்லை.

தீர்மானத்தை வழிமொழிய எதிர்க்கட்சித் தலைவரே முன்வந்தார். இரண்டாவது வரியைப் படித்ததும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து ஜவுளிக்காரர் தனக்குள் சிரித்துக்கொண்டார்.

அடுத்தது பேரம். ஆளுங்கட்சிக் கொறடாவைப் ‘பஞ்சு’ என்பார்கள். குரல் அவ்வளவு மென்மை. தன் கட்சி உறுப்பினர்கள் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று உத்தரவு போடுகிறவர் அவர்தான். யாரையும் அதட்டி எவரும் பார்த்ததில்லை. அவரிடம் அடிபட்டவர்களுக்கே வீட்டுக்குப் போய்ச் சட்டையைக் கழற்றும்போதுதான் வலிக்கும்.

நாடாளுமன்ற கேண்டீனில் ஜன்னலோர மேஜையில் இருவரும் டீ குடித்தார்கள். கடலோரத் தொகுதிகளின் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் சிலருக்கு விசாரணை வேண்டும் என்றுதான் ஆசை. படகில் போனவர்கள் அவர்கள் ஊர்க்காரர்கள். அவர்கள் இந்தப் பக்கம் வந்தால் தீர்மானம் ஜெயித்துவிடும். இது ஜவுளிக்காரருக்கும் தெரியும், பஞ்சுவுக்கும் தெரியும். தனக்குத் தெரியும் என்று மற்றவருக்குத் தெரியும் என்பதும் இருவருக்கும் தெரியும். வியாபாரம் பேச அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

அமைச்சர் விஷயம் அரசாங்கத்துக்கு உறுத்தலாக இருக்கும், தனக்குப் புரிகிறது என்று ஜவுளிக்காரர் தொடங்கினார். இருக்கத்தானே செய்யும் என்றார் பஞ்சு. அந்த வரியை வெட்டி நீங்களே ஒரு திருத்தம் கொண்டுவந்தால் நான் மனசில் வைத்துக்கொள்ள மாட்டேன், வெளியே கொஞ்சம் கத்துவேன், அவ்வளவுதான் என்றார் ஜவுளிக்காரர்.

“பார்க்கலாம்ணே,” என்றார் பஞ்சு.

கடைத்தெருவில் ‘பார்க்கலாம்’ என்றால் முக்கால்வாசி முடிந்தது என்று அர்த்தம். மிச்சக் கால்வாசிக்கு ஒரு வழி உண்டு. ஜவுளிக்காரர் அதைச் செய்தார். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்தார். இனி உங்களிடம் பேசிப் பிரயோஜனமில்லை என்கிற தோரணையில் வாசலைப் பார்த்து நடந்தார். மெதுவாகத்தான் நடந்தார். வேகமாக நடந்தால் கூப்பிடுகிறவர்களுக்குக் கஷ்டம். கூப்பிடாத கடைக்காரனை அவர் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை.

வாசலில் நின்று, செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்து, ஓரக்கண்ணால் திரும்பிப் பார்த்தார். பஞ்சு இன்னொரு டீ சொல்லிக்கொண்டிருந்தார். ஒன்றுதான்.

வியாழக்கிழமை காலை அவர் செயலாளர் அலுவலகத்தில் போய்க் கேட்டார். திருத்தம் எதுவும் வரவில்லை. கடைசி நேரத்தில் வரும், இறுக்கிப்பிடிக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கும்போது உப்பளத்துக்காரர் மடக்கினார். கடலோர ஆளுங்கட்சி உறுப்பினர்களில் மூத்தவர், படகில் தன் சித்தி மகனை இழந்தவர். தூணுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

“அண்ணே, அந்த ரெண்டாவது வரியை எடுத்துடுங்க. நாங்க எல்லாரும் உங்க பக்கம் வந்துடறோம். அது இருந்தா எங்களால முடியாது. சொந்த அமைச்சரைப் போகச் சொல்லி வாக்களிச்சா கட்சியில இருக்க முடியுமா?”

“உங்க ஆளுங்களே எடுத்துடுவாங்க. பஞ்சுகிட்ட பேசியாச்சு.”

உப்பளத்துக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார். திருத்தம் எதுவும் கொடுக்க வேண்டாம் என்று கொறடா உத்தரவு வந்து இரண்டு நாளாகிறது என்றார்.

ஜவுளிக்காரருக்கு அப்போதுதான் விளங்கியது. வாங்க விருப்பமில்லாதவன் விலையைக் குறைக்கச் சொல்ல மாட்டான். விலை உச்சத்திலேயே நிற்கட்டும், பார்க்கிறவர்கள் மலைத்துப்போய்த் தாமாகத் திரும்பட்டும் என்று விட்டுவிடுவான். அந்த விலையை எழுதி மாட்டிய புண்ணியவானும் தானேதான்.

அந்த வயதில் அவர் அப்படி ஓடி யாரும் பார்த்ததில்லை. டாக்டரம்மா தன் அறையில் தொகுதிக்காரர் ஒருவருடைய இருமலைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவரும் சுயேச்சை, யார் உத்தரவும் அவரைக் கட்டாது. ஜவுளிக்காரர் மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னார். இரண்டாவது வரியை நீக்க வேண்டும் என்று ஒரு திருத்தம், நண்பகலுக்குள், உங்கள் பெயரில்.

“வேணாம்னா எதுக்கு எழுதினீங்க?”

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. ஆனால் டாக்டரம்மாவுக்குப் புரிகிற பதிலாக இல்லை. அவர் மருந்துச்சீட்டு எழுதிப் பழகியவர். நோயாளி பேரம் பேசுவான் என்று இரண்டு மாத்திரை கூட்டி எழுதும் வழக்கம் அந்தத் தொழிலில் இல்லை. ஜவுளிக்காரர் சுவர்க் கடிகாரத்தையே பார்ப்பதைக் கண்டு, டாக்டரம்மா மேற்கொண்டு கேட்காமல் எழுதிக் கொடுத்தார். செயலாளர் அலுவலகத்தில் முத்திரை விழுந்தபோது நண்பகல் மணி அடிக்கத் தொடங்கியிருந்தது.

ஆக, நம்பிக்கை இருந்தது. திருத்தம் ஜெயித்தால் ஒரே வரிதான் மிஞ்சும். கடலோரக்காரர்கள் வருவார்கள், குழு அமையும். அக்காவுக்கு போன் செய்து எல்லாம் சரியாகப் போகிறது என்றார். ‘எல்லாம்’ என்ற சொல்லைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னதால் அக்காவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை பார்வையாளர் மாடத்தில் முன்வரிசையில் அக்காவும் அவள் மகளும் உட்கார்ந்திருந்தார்கள். மகள் மருந்துக்கடைக்கு விடுமுறை சொல்லிவிட்டு வந்திருந்தாள். ஜவுளிக்காரர் நன்றாகப் பேசினார். கடையில் ஆயிரம் பேரிடம் பேசிய வாய்தான், ஆனால் அன்றைக்கு விற்கிற குரலில் அவர் பேசவில்லை. பம்பைப் பற்றிச் சொன்னார். அத்தான் பெயரை விட்டுவிட்ட கல்லைப் பற்றிச் சொன்னார். ஆளுங்கட்சி வரிசையில் சிலர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். துறைமுக அமைச்சர் எழுந்து பம்பு நல்ல நிலையில் இருந்ததாகச் சொன்னபோது டாக்டரம்மா பதில் சொல்லத் துடித்தார். ஜவுளிக்காரர் அவர் கையைப் பிடித்து அமுக்கினார். விவாதத்தில் ஒருமுறை பேசிவிட்டவர் அப்புறம் திருத்தம் முன்மொழிய முடியாது. அந்த விதியை மட்டும் முந்தின நாள் மாலை உட்கார்ந்து நிஜமாகவே படித்திருந்தார்.

எதிர்க்கட்சித் தலைவர் நெடுநேரம் பேசினார். படகு என்ற சொல் அவர் பேச்சில் வந்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. அமைச்சரைப் பற்றியே பேசினார்.

பிறகு டாக்டரம்மா எழுந்து, இரண்டாவது வரியை நீக்க வேண்டும் என்று முன்மொழிந்தார். கேட்பது விசாரணை, தண்டனை அல்ல. யார் மேல் தப்பு என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே ஒருவரைப் போகச் சொல்வது மருத்துவத்திலும் இல்லை, நியாயத்திலும் இல்லை என்றார். இரண்டு நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டார்.

பஞ்சு எழுந்தார்.

“மாண்புமிகு உறுப்பினர் ரொம்ப யோசித்து, தன் கைப்பட எழுதிய தீர்மானம் இது. துயரத்தில் இருக்கிற ஒரு குடும்பத்தின் குரல். அதிலிருந்து ஒரு சொல்லைக்கூடக் குறைக்க இந்த அரசுக்கு மனம் வரவில்லை. அவர் கேட்டதை அவர் கேட்டபடியே இந்த அவை முடிவு செய்யட்டும். திருத்தத்தை எதிர்க்கிறோம்.”

அவையில் சிரிப்பு எழுந்தது. ஜவுளிக்காரருக்கும் ஒரு கணம் சிரிப்பு வந்தது. தொழில் தெரிந்தவன் தொழில் தெரிந்தவனைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு. அடுத்த கணம் மாடத்தைப் பார்த்தார், சிரிப்பு நின்றது.

வாக்கெடுப்பு மணி அடித்தது. ஆம் என்பவர்கள் ஒரு கூடத்துக்கும் இல்லை என்பவர்கள் எதிர்க்கூடத்துக்கும் போக வேண்டும். எதிர்க்கட்சி எழுந்து ‘இல்லை’ பக்கம் போனது. அமைச்சரைத் தப்பவிட அதற்கு மனமில்லை. ஆளுங்கட்சி எழுந்து அதே பக்கம் போனது. தன்னைப் பதவி விலகச் சொல்லும் வரியைக் காப்பாற்றுவதற்காகத் துறைமுக அமைச்சரே கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு, வழியில் ஒருவர் தோளைத் தட்டியபடி, உல்லாசமாக அந்த வாசலில் நுழைந்தார். ‘ஆம்’ கூடத்துக்கு ஜவுளிக்காரரும் டாக்டரம்மாவும் இன்னும் சில சுயேச்சைகளும் போனார்கள். அவ்வளவு பெரிய கூடத்தில் அவர்களுடைய செருப்புச் சத்தம் கேட்டது.

உப்பளத்துக்காரர் கடந்துபோகும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பேசினார். திருத்தத்தை எதிர்ப்பது விசாரணையை எதிர்ப்பதாகாது என்று கொறடா விளக்கியிருக்கிறாராம்.

“சரி, அடுத்த வாக்கெடுப்புல?” என்றார் ஜவுளிக்காரர்.

“அதுல ரெண்டாவது வரி இருக்குமேண்ணே.”

பஞ்சு கட்டிக்கொடுத்த மூட்டை அது. பிரித்துப் பார்த்தால் உள்ளே யாருடைய பாவமும் இருக்காது. விசாரணை வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லியிருக்க மாட்டார்கள். விசாரணை மட்டும் இருக்காது.

திருத்தம் தோற்றது என்று சபாநாயகர் அறிவித்தார். தீர்மானம் இனி இரண்டு வரியோடு வாக்குக்கு வரும், விழும், வருஷக் கடைசிவரை எழாது. ஜவுளிக்காரர் எழுந்தார். தீர்மானத்தைத் திரும்பப் பெற அனுமதி கேட்டார். வாபஸ் வாங்கிவிட்டால் தோற்றதாகாது. அடுத்த மாதக் குலுக்கலில் மறுபடி சீட்டுப் போடலாம். செயலாளர் அம்மையார் சபாநாயகர் காதில் ஏதோ சொன்னார். அவைமுன் வந்துவிட்ட தீர்மானம் அவையின் சொத்து, திரும்பப் பெற எல்லோருடைய இசைவும் வேண்டும், ஒருவர் மறுத்தாலும் முடியாது என்று சபாநாயகர் விளக்கி, மறுப்பவர் உண்டா என்று கேட்டார்.

ஜவுளிக்காரர் பஞ்சுவைப் பார்த்தார். பஞ்சு கூரை விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து சத்தமில்லை. ஜவுளிக்காரர் மூச்சை விட்டார்.

“மறுக்கிறேன்,” என்று அவருக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. எதிர்க்கட்சித் தலைவர். வழிமொழிந்தவர்.

ஜவுளிக்காரர் திரும்பி, தணிந்த குரலில் கெஞ்சினார். அக்கா மேலே உட்கார்ந்திருக்கிறாள் என்றுகூடச் சொன்னார். எதிர்க்கட்சித் தலைவர் முன்னால் குனிந்து, தோழமையோடு அவர் தோளில் கைவைத்தார்.

“அமைச்சருக்கு எதிரா எத்தனை பேருன்னு நாளைக்குப் பேப்பர்ல வரணும்யா. அதுக்குத்தானே நாங்க வழிமொழிஞ்சோம். வரி உங்களுதுதானே, நாங்களா எழுதினோம்?”

மணி மறுபடி அடித்தது. இந்தத் தடவை ஜவுளிக்காரர் எதிர்க்கட்சியோடு ஒரே கூடத்துக்குப் போனார். வேண்டிய வரிக்கும் வேண்டாத வரிக்கும் சேர்த்து ஒரே வாக்கு. கடலோரக்காரர்கள் வரவில்லை. தீர்மானம் விழுந்தது. சபாநாயகர் அடுத்த அலுவலுக்குப் போனார்: பறவைகள் சரணாலயம்.

மாடத்துப் படிகள் முடியும் இடத்தில் ஒரு நீண்ட நடைவழி. அக்கா சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மகள் பக்கத்தில் நின்றாள். ஜவுளிக்காரர் வருவதற்குள் என்னென்னவோ சொல்லத் தயார் செய்திருந்தார்: சதி, துரோகம், பஞ்சு, எதிர்க்கட்சித் தலைவர். எல்லாம் உண்மைதான்.

அக்கா சத்தம் போடவில்லை. கணக்குக் கேட்கிற குரலில் கேட்டாள்.

“அந்த ரெண்டாவது வரி இல்லாம இருந்திருந்தா, கடலோரத்து ஆளுங்க நம்ம பக்கம் வந்திருப்பாங்களா?”

பொய் சொல்ல அவருக்குத் தெரியாதா என்ன. ஆனால் கேட்டவள் அதே கடையில் வளர்ந்தவள்.

“வந்திருப்பாங்க.”

“ஜெயிச்சிருக்குமா?”

“ஜெயிச்சிருக்கும்க்கா.”

நடைவழியில் போகிறவர்கள் ஜவுளிக்காரருக்கு வணக்கம் சொல்லிக்கொண்டு போனார்கள். அவரும் கையை உயர்த்திக்கொண்டிருந்தார், பழக்கத்தில்.

“துணின்னா நீ என்ன வேணா சொல்லு, என்ன வேணா குறை. அது உன் சரக்கு. இது என் வீட்டுக்காரர்டா. அவரை எடுத்துட்டுப் போய் எவன் எவன் முன்னாடியோ விரிச்சுப் போட்டு விலை பேசியிருக்கே. நானும் பார்த்துக்கிட்டு சும்மா இருந்திருக்கேன்.”

கடைசி வாக்கியத்தைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பழியில் அவள் தனக்கும் ஒரு பங்கு எடுத்துக்கொண்டது, முழுவதும் தன் தலையில் விழுந்ததைவிடக் கனமாக இருந்தது.

மகள்தான் அடுத்ததைக் கேட்டாள். புதுக் கூட்டத்தொடர் எப்போது என்றாள். வருஷம் பிறந்ததும் என்றார். அதிலும் குலுக்கல்தானா என்றாள். ஆமாம் என்றார்.

“உங்க பேருக்குத்தான் விழணுமா மாமா? யார் பேருக்கு விழுந்தாலும் அவங்க கொண்டுவரலாமா?”

யாரும் கொண்டுவரலாம் என்று டாக்டரம்மா பதில் சொன்னார். அவர் எப்போது வந்து நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை. தன் பெயரையும் போடுவதாகச் சொன்னார். இதுவரை ஒருமுறைகூட விழுந்ததில்லை, விழுமென்று உறுதி கொடுக்க முடியாது, விழுந்தால் கொண்டுவருவேன் என்றார். இன்னொன்றும் சொன்னார்: முன்கூட்டியே வழிமொழிய ஓர் ஆள் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். இன்றைக்கு நடந்ததைப் பார்த்தால் அது யார் என்பது முக்கியம்.

ஜவுளிக்காரர் வாயைத் திறந்தார்.

“இவன் வேணாம்,” என்றாள் அக்கா. அவரைப் பார்க்காமல், டாக்டரம்மாவிடம் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. கடையில் நிறம் பிடிக்காத துணியைத் தள்ளிவைக்கிற மாதிரிகூட இல்லை. வெறுமே ஒரு தகவல்.

டாக்டரம்மா சங்கடப்பட்டு, ஆளுங்கட்சிக் கடலோரக்காரர் ஒருவர் வழிமொழிந்தால் நல்லது, ஆனால் தனக்கு அவர்களோடு பழக்கமில்லை என்றார். பெஞ்சில் உட்கார்ந்து மூவரும் பேசத் தொடங்கினார்கள். ஒரே வரி, ஒரு சொல்லும் கூடக்கூடாது என்று அக்கா சொல்வது கேட்டது. நான்காவது ஆளுக்கு அந்தப் பெஞ்சில் இடமும் இருந்தது. அவர் உட்காரவில்லை.

லிஃப்ட் வாசலில் உப்பளத்துக்காரர் நின்றிருந்தார். ஜவுளிக்காரர் போய் விஷயத்தைச் சொன்னார். அடுத்த கூட்டத்தொடரில் டாக்டரம்மா பெயருக்குக் குலுக்கல் விழுந்தால், விசாரணை மட்டும் கேட்டு ஒரு தீர்மானம் வரும். அதை நீங்கள் வழிமொழிய வேண்டும்.

உப்பளத்துக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அமைச்சர்?”

“கிடையாது.”

“அப்புறம் என்ன வச்சிருக்கீங்க?”

“ஒண்ணும் வைக்கலைங்க. விசாரணை, அவ்வளவுதான்.”

“அண்ணே, நீங்க ஒண்ணும் வைக்காம ஒரு இடத்துக்கு வருவீங்களா? யார்கிட்ட சொல்றீங்க?”

ஜவுளிக்காரர் தன் வாழ்நாளில் எத்தனையோ பேரை நம்பவைத்திருக்கிறார். சாயம் போகாது என்று நம்பவைத்திருக்கிறார், இதற்குக் கீழே கட்டுப்படியாகாது என்று நம்பவைத்திருக்கிறார். அந்தச் சொற்களெல்லாம் இப்போதும் நாக்கில் வந்து வரிசையில் நின்றன. ஒன்றையும் எடுக்க அவருக்குப் பயமாக இருந்தது.

“நிஜமாத்தான் சொல்றேன்,” என்றார்.

லிஃப்ட் வந்தது. உப்பளத்துக்காரர் உள்ளே போய்த் திரும்பி நின்று, கதவு மூடும்வரை அவருடைய முகத்தில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.